விற்பனை மேலாளர் ஆடு மேய்த்த கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வேலையை விட்டேன், வாழ்வைக் கண்டேன்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று இதை என் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வேலையை விட்டது நீங்க. வாழ்க்கையை ஓட்டினது யாரு?" என்று கேட்டார். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பி.காம். முடித்ததும் சோப்பு, பற்பசை விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேதான். பிரதிநிதி, ஏரியா மேனேஜர், ரீஜனல் மேனேஜர் என்று படியேறினேன். கார் வந்தது, மார்ச் மாதம் வந்தால் டார்கெட் காய்ச்சலும் வந்தது. கம்பெனியை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். உப்பிட்ட இடம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் துணி சேகரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதையும் ஒரு டார்கெட்டாகவே எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் ஒரு லாரி நிரப்பிவிட்டேன். நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தால், சாலையோரம் எங்கு பார்த்தாலும் யாரும் தொடாத துணிக் குவியல்கள். அந்தக் கடற்கரை வெயிலில் கம்பளி ஸ்வெட்டர்! பித்தான் போன சட்டை, கிழிந்த பேண்ட். நான் கொண்டுபோனதும் அதே ரகம்தான். ஒரு அம்மாவிடம் நானே ஒரு நைட்டியை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நாங்க பிச்சைக்காரங்க இல்லய்யா, வலையும் படகும் குடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் போட்டோ எடுக்கக் கேமரா வேறு கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து அதை வெளியே எடுக்கவே இல்லை.

டெல்லியில் கார்ப்பரேட் வேலையை விட்டுவிட்டு 1999-இல் கூஞ்ச் என்ற அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா என்பவர், அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த சுனாமித் துணிகளை எடுத்துத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நான் ரோட்டில் கொட்டிவிட்டு வந்ததை ஒருவர் வேலையாக எடுத்துச் செய்திருக்கிறார்!

2008-இல் ராஜினாமா செய்தேன். வயது 43. ஆறு மாதம் ரயிலில் ஊர் சுற்றினேன். பாபா ஆம்தே 1949-இல் தொடங்கிய ஆனந்தவனத்துக்குப் போனபோது அவர் காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழுநோயால் விரல்களை இழந்தவர்கள் அங்கே பயிர் செய்கிறார்கள், கைத்தொழில் செய்கிறார்கள். ராஜஸ்தானில் திலோனியாவில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் ஆறு மாதப் பயிற்சியில் சூரிய ஒளி விளக்குக்குச் சர்க்யூட் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தார்கள். மொழி கிடையாது, சைகையும் நிற அடையாளமும்தான். அந்த இரண்டு இடத்திலும் எல்லோருக்கும் ஏதோ ஒரு கைவேலை இருந்தது. எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பேசத் தெரியும்!

பேசத் தெரிந்தவன் எங்கே போவான்? இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போவான். ஒரு மலையூரில் குழந்தைகள் காப்பகம். பெயர் வேண்டாம். இரண்டு வாரம் பாட்டும் விளையாட்டுமாக ஓடியது. முதல் நாளே நான் பாட்டை ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அதே பாட்டைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கிளம்பும் நாளில் அழுவார்கள் என்று நினைத்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏழு வயசுப் பையன் ஒருவன் வந்து சட்டையைப் பிடித்தான். "அடுத்து யாரு சார் வர்றாங்க?" என்றான். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு ஆள் மாறுவது பழகிப் போயிருந்தது. இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு அப்புறம் கைவிட்டுப் போகிறவர்கள் வரிசையில் நானும் ஒருவன். தம்பி தங்கைகளே, நீங்கள் யாராவது இப்படி ஒரு 'ட்ரிப்' போடுவதாக இருந்தால் தயவுசெய்து குழந்தைகளிடம் போகாதீர்கள். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வாருங்கள். சுவர் உங்களைத் தேடாது.

ஊர் திரும்பிய பிறகு, 2009-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் கிராம முகாம்களுக்குப் போக ஆரம்பித்தேன். டாக்டர் வெங்கடசாமி 1976-இல், அரசு வேலையில் ஓய்வு பெற்ற பின், 58 வயதில், 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையாலேயே அறுவை செய்தார். முகாமில் கண்ணைப் பரிசோதித்து, புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், இலவசமாக அறுவை செய்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அறுவை இலவசம் என்றாலே எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். வருவதில்லை. பஸ் காசு, துணைக்கு ஆள், போகிற கூலி, பயம், எல்லாம் தடுக்கும். அதற்காகத்தான் பஸ்ஸும் சாப்பாடும்.

ஒரு ஊரில் எழுபது வயதுப் பாட்டி, இரண்டு கண்ணிலும் புரை. மூன்று முறை போய்ப் பேசினேன். என் இருபத்திரண்டு வருட விற்பனைத் திறமை முழுவதையும் இறக்கினேன். அசையவில்லை. நாலாவது முறை திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சொன்னார், "நான் போயிட்டா ஆட்டை யாருய்யா பாப்பா?"

பதினொரு ஆடுகள். அவற்றை நானே மூன்று நாள் மேய்த்தேன். சிரிக்காதீர்கள், டார்கெட்டை விட அது கஷ்டம்! ஒரு ரீஜனல் மேனேஜரை ஆடு மதிக்காது. முதல் நாள் சாயங்காலமே அடுத்தவர் சோளக்கொல்லையில் புகுந்து ஐந்நூறு ரூபாய் தண்டம் கட்டினேன். மூன்றாம் நாள் ஒரு குட்டியைக் காணோம். இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் பஸ்ஸிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு பாட்டி இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. நேரே பட்டிக்குப் போய்க் குனிந்து எண்ணினார். "பத்துதான இருக்கு?" என்றார்.

குட்டிக்குரிய விலையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அடுத்த முகாமுக்கு அவரே தெருவில் ஆறு பேரைக் கிளப்பிக் கூட்டிவந்தார். விற்பனையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வாங்கினவர் வாய்ச்சொல்தான் பெரிய விளம்பரம். அந்த ஊரில் அதற்குப் பிறகு நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

இனி, வீட்டம்மா கேட்ட கேள்வி. அவர் பள்ளி ஆசிரியை. 2008-இலிருந்து அரிசியும் வாடகையும் அவர் சம்பளத்தில்தான். என் பி.எஃப். பணம் பயணத்திலும் அடுத்த சில ஆண்டுகளிலும் கரைந்தது. அது மகள் படிப்புக்கென்று வைத்திருந்த பணம். 2012-இல் அவள் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது கல்விக்கடன் வாங்கினோம். 2017-இலிருந்து ஏழு ஆண்டு அவளே தவணை கட்டினாள். ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரே ஒருமுறை, எனக்கு எங்கோ பொன்னாடை போர்த்திய படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என் ஈ.எம்.ஐ.யும் இருக்குப்பா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதிய பிறகுதான் வீட்டில் சொன்னேன். எழுதுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். வேலையை விட்டதற்காக நான் வருந்தியதில்லை. இதற்காக வருந்துகிறேன்.

வெளியே டீ குடிக்கும்போது இரண்டு மாணவர்கள், "சார், நாங்க வேலைக்கே போகாம நேரா சேவைக்கு வந்துடலாமா?" என்று கேட்டார்கள். என் அபிப்பிராயம், முதலில் கையில் ஒரு தொழில் வரட்டும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, யார் சம்பளத்தில் சாப்பாடு என்று. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம், முகாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். இன்றைக்கும் வேலையில் இருந்துகொண்டே ஞாயிறு தவறாமல் வருகிற நம் வகுப்புத் தோழர் ஒருவர் இந்த அரங்கில் இருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார். முழுநேரமாக வந்த என்னைவிட அவர் கூட்டிவந்த நோயாளிகள் அதிகம்.

வருகிற முகாமுக்கு நாலு பேர் தேவைப்படுகிறார்கள். பெயர் எழுத, வரிசை பார்க்க, முதியவர்களைக் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்ற. விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய விடுதி வாசலில் என்னைப் பாருங்கள். இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டியதில்லை. ஆடு மேய்க்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு.