நகர்மன்றமும் ஊர்ப் பூங்காவும்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விடுத்துப் பூங்காவைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'மன்றம்' என்னும் சொல் இன்று நமக்கு ஓர் அமைப்பின் பெயர். சங்கச் செய்யுள்களிலோ அது ஓர் இடத்தின் பெயர். ஊரார் கூடும் மரத்தடியின் பெயர். அங்கே முதியோர் வழக்குத் தீர்த்தனர். இளையோர் ஆடிக் களித்தனர். வழிவந்த பாணர் இளைப்பாறினர். நம் ஊரை ஆளும் அவைக்கு 'நகர்மன்றம்' என்று பெயர் வைத்தோமே, அந்தப் பெயருக்குள்ளும் ஒரு மரநிழல் மறைந்திருக்கிறது. அந்த நிழலை ஊருக்கு மீட்டுத் தருவது நகர்மன்றத்தின் கடமை என்பதே என் உரையின் சாரம்.

இது வெறும் கவிதை உணர்ச்சி அன்று. சட்டமும் இதையே சொல்கிறது. 1992இல் நிறைவேறி, 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அவற்றுள் ஒன்று பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகிய வசதிகளைச் செய்து தருவது. குடிநீர் வழங்கலும் சாலை அமைத்தலும் இடம்பெற்ற அதே பட்டியலில் பூங்காவும் இருக்கிறது. ஆகவே அதை ஆடம்பரம் என்று ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை.

நம் தமிழ்நாட்டில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1859இல் ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் சென்னையில் 'மக்கள் பூங்கா'வை உருவாக்கினார். 1870களின் தொடக்கத்தில் தஞ்சை நகராட்சி சிவகங்கைப் பூங்காவை அமைத்தது. சென்னை மாநகராட்சியோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1924இல் தோன்றிய வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் நின்றுபோக, அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் தன் சொந்த வானொலியைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவியது. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்கள் மாலை வேளைகளில் புல்தரையில் அமர்ந்து இசை கேட்டனர். 1938இல் அகில இந்திய வானொலி பொறுப்பேற்கும் வரை இது நடந்தது. வரி வாங்கும் ஓர் உள்ளாட்சி மக்களுக்குப் பாட்டும் வழங்கலாம் என்று எண்ணிய காலம் அது.

தமிழ் மேடைப் பேச்சும் பூங்காவுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது வடசென்னை இராபின்சன் பூங்காவில்தான். அரசியல் கருத்து வேறுபாடுகள் ஒருபுறம் இருக்கட்டும். வாடகை இல்லாத ஒரு பொதுவிடம் இருந்தால் அங்கே சொல் வளர்கிறது என்பதற்கு அது சான்று.

ஆனால் பூங்காவுக்குப் பகையும் உண்டு. அந்தப் பகை பெரும்பாலும் தீயவர் வடிவில் வருவதில்லை. நல்ல காரணங்களின் வடிவில் வருகிறது. சென்னை மக்கள் பூங்காவின் நிலத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. மூர் மார்க்கெட் எழுந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையே எழுந்தது. பின்னாளில் நேரு விளையாட்டரங்கும் எழுந்தது. ஒவ்வொன்றும் நகருக்கு வேண்டியதே. ஆயினும் அனைத்தும் சேர்ந்து பூங்காவை விழுங்கிவிட்டன. எஞ்சியது ஒரு சிறு தோட்டமும் 'பூங்கா நகர்' என்ற பெயருமே.

இவ்வாறு நேராமல் காக்கவே 1959இல் தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் இசைவின்றி வேறு பயனுக்குத் திருப்பலாகாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. மருத்துவமனை நல்லதே, அதற்காகக் குழந்தைகளின் நிலத்தை எடுக்கலாகாது என்பதே அத்தீர்ப்பு நமக்குத் தரும் பாடம்.

இனி, ஒரு பூங்கா எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். முதலில் நிலம் வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு அமைப்போர், சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரத்தின் வழி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். பின்னர் மன்றத் தீர்மானம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி. அதன்பின் சுற்றுச்சுவர், நடைபாதை, ஊஞ்சல், ஒரு கல்வெட்டு. இதற்குரிய பணம் பெரும்பாலும் அரசுத் திட்டங்களின் வழியே ஒரே தவணையாகவோ சில தவணைகளாகவோ வந்துவிடும்.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. செடிக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். காவலருக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். விளக்குக்கு மின்கட்டணம் வேண்டும். கழிப்பறையைத் துலக்க ஆள் வேண்டும். இவற்றுக்கு எந்தத் திட்டமும் நெடுங்காலம் பணம் தருவதில்லை. நகராட்சி தன் சொத்துவரியிலிருந்தும் பிற வருவாயிலிருந்துமே தர வேண்டும். அங்கே கை சுருங்கும்போது ஊஞ்சலின் சங்கிலி அறுகிறது, விளக்கு அணைகிறது, இறுதியில் வாயிலில் ஒரு பூட்டுத் தொங்குகிறது. திறப்பு விழா ஒரு நாளில் முடிந்துவிடும். திறந்து வைத்திருப்பதோ அன்றாடக் கடமை. பூங்கா கண்ட உள்ளாட்சிகள் பல. பூங்காவை வைத்துக் காத்தவை சில.

நம் ஊருக்கு வருவோம். ஆண்டின் பெரும்பகுதி நீரற்றுக் கிடக்கும் பாலாற்றின் மணற்பரப்பு, இக்கரை நகரங்களுக்கெல்லாம் இயற்கை அளித்த திடலாக இருந்தது. அதற்குக் காவலரும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. தோல் பதனிடும் தொழிலின் கழிவும் மணல் அள்ளுதலும் அந்தத் திடலைக் கெடுத்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. தொழில் நமக்குச் சோறு போடுகிறது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் ஆற்றங்கரையை இழந்த ஊருக்கு அதற்கு மாற்றாக ஒரு வெளி வேண்டும் என்று கேட்பது நியாயமே.

அந்த வெளி யாருக்குத் திறந்திருக்க வேண்டும்? பூங்காக்கள் பல காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் திறந்து, நண்பகலில் மூடிக் கிடக்கின்றன. இல்லத்துப் பெண்களுக்கு ஓய்வு கிட்டுவதோ பிற்பகலில்தான். காலணி ஆலைகளில் உழைக்கும் நம் சகோதரிகள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அவர்களுக்கு விளக்கொளி வேண்டும், அச்சமின்மை வேண்டும். தோல் கிடங்கில் நாள் முழுதும் நின்றவருக்கு அமர ஓர் இருக்கை வேண்டும். பூங்காவின் நேரத்தை அலுவலக வசதி நோக்கி அமைக்காமல் மக்களின் ஓய்வு நோக்கி அமைக்க வேண்டும்.

ஈகைக்கு இவ்வூர் புதிதன்று. 1918இல் தோன்றிய கல்விச் சங்கமும் 1965இல் எழுந்த சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோல் வணிகம் ஈட்டிய செல்வம் கல்வியாக மாறியதற்குச் சான்றுகள். பொதுமக்களும் பங்களிக்கும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. வள்ளன்மை கொண்டோருக்கு ஒரு வேண்டுகோள்: வாயில் வளைவுக்குக் கொடுப்பதைக் காட்டிலும் காவலரின் ஓராண்டு ஊதியத்துக்குக் கொடுங்கள். கல்வெட்டில் பெயர் இல்லாவிட்டாலும் கதவு திறந்திருக்கும்.

கவிஞர்களே, நமக்கும் பணி உண்டு. நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, நம் எல்லைக்குள் பூங்காவென்றும் திடலென்றும் பதிவான இடங்களின் பட்டியலைக் கேட்போம். ஒவ்வொன்றையும் நேரில் சென்று காண்போம். பூட்டியிருப்பதைத் திறக்கச் சொல்லி விண்ணப்பிப்போம். திறந்த இடத்தில் மாதம் ஒருமுறை நம் கவியரங்கை நடத்துவோம். ஆள் நடமாட்டமே பூங்காவின் முதற்காவல். மண்டபத்துக்குள் அழைப்பிதழ் பெற்றவர் மட்டுமே நம் கவிதையைக் கேட்கின்றனர். திடலில் வாசித்தால் ஊஞ்சலாடும் சிறுமியும் வேலை முடிந்து வந்த தொழிலாளியும் கேட்பர். அவர்கள் நின்று கேட்கிறார்களா, கடந்து செல்கிறார்களா என்பதைவிடக் கடுமையான திறனாய்வு நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் பதினோராம் ஆண்டை ஒரு மரத்தடியில் தொடங்க வேண்டும் என்று விழைகிறேன்.