பத்திரிகையில் 11 மணி. நிக்காஹ் எத்தனை மணிக்கு?

(மஹல்லா இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக நீங்கள் போன திருமணத்தில் பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு நிக்காஹ் நடந்ததா? சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பே பதில்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹை நடத்தி வைக்கப் போனேன். பத்திரிகையில் காலை 11 மணி. மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்தபோது மணி 12:20. தப்தரை விரித்தால் பெண்ணின் வயதுச் சான்று வீட்டில் இருக்கிறது. அதை எடுத்துவர ஒரு பையன் பைக்கில் ஓடுகிறான். மஹர் எவ்வளவு என்று இரு வீட்டாரும் மேடையிலேயே பேசத் தொடங்குகிறார்கள். இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு மைக்கைப் பிடித்த நான் என்ன செய்தேன்? நாற்பது நிமிடம் பயான் செய்தேன்! பள்ளியில் ஜமாஅத் முடிந்தது. மண்டபத்திலிருந்த பாதிப் பேருக்கு அது தவறிப்போனது.

அதன் பிறகு பந்தியில் முண்டியடிப்பு. ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகே பெண்கள் பக்கம் சஹன் போனது. மாலை நாலரை மணிக்குப் பெண்ணை அனுப்பும் நேரத்தில் பெண்ணின் தாயார் மயங்கி விழுந்தார். அவர் சர்க்கரை நோயாளி. காலையிலிருந்து ஒரு டம்ளர் டீயைத் தவிர அவர் எதுவும் சாப்பிடவில்லை. மகள் மாமியார் வீட்டுக்குப் போனாள். தாய் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஸலாம் சொல்லக்கூட வாய்க்கவில்லை. அந்த நாற்பது நிமிடம் இன்றும் என் மனதை உறுத்துகிறது.

நிக்காஹுக்கு எவ்வளவு நேரம் தேவை?

பெண்ணின் சம்மதம், வலீ, இரண்டு சாட்சிகள், மஹர், ஈஜாப் கபூல், சுருக்கமான குத்பா, துஆ. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மார்க்கம் இலேசாக்கித் தந்ததை நாம்தான் ஒரு நாள் போராட்டமாக்கிவிட்டோம்.

வணிகர்களே! அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) உங்களைப் போன்ற ஒரு வியாபாரி. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்து, கடைவீதிக்கு வழி கேட்டு, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னேறியவர். அவருக்குத் திருமணம் நடந்ததை நபி (ஸல்) அவர்கள் அவர் மேனியிலிருந்த நறுமணப் பூச்சின் மஞ்சள் அடையாளத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் அறிந்தார்கள். என்னை அழைக்கவில்லையே என்று கோபிக்கவில்லை. துஆ செய்துவிட்டு, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள்.

ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் சிலர் சாப்பிட்ட பிறகும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதையொட்டி இறங்கிய வசனம் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் (33:53) இருக்கிறது. உணவருந்தியதும் கலைந்து செல்லுங்கள் என்பது அதன் கட்டளை. விருந்து வீட்டாரின் நேரத்துக்கும் மதிப்புண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாங்கிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாளைத் திட்டமிடும்போது மண்டபத்தின் வாடகை நேரத்தை வைத்துத் தொடங்காதீர்கள். தொழுகை நேரத்தை வைத்துத் தொடங்குங்கள். உங்கள் பள்ளியில் லுஹர் ஜமாஅத் 1 மணி என்று வைத்துக்கொள்வோம்.

காலை 10:30க்கு நிக்காஹ். பள்ளிவாசலிலேயே வையுங்கள். 11 மணிக்கு முடிந்துவிடும். மாப்பிள்ளை அரை மணி பிந்தினாலும் நாள் கெடாது. 11:30க்கு முதல் பந்தி. முதியோர், குழந்தைகள், நோயாளிகள், தூரத்து ஊர்க்காரர்கள் இதில் உட்காரட்டும். பெண்கள் பக்கமும் அதே நேரத்தில் பரிமாற வேண்டும். 1 மணிக்குத் தொழுகை. 1:30க்கு அடுத்த பந்தி. 2:30க்குப் பண்டாரி, பரிமாறிய பிள்ளைகள், இரு வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடட்டும். அஸர் தொழுததும் பெண்ணை நிதானமாக வழியனுப்பலாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவோடு மோதாமல் நிக்காஹை அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டாரியிடம் “சீக்கிரம் ஆகட்டும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். 11:30க்குத் தம் உடைக்க வேண்டும் என்று மணியைச் சொல்லுங்கள். அவர் அதற்கேற்ப அடுப்பு மூட்டுவார். தேக்சாவில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தால் பிரியாணி குழைந்துபோகும்.

மஹர், சாட்சிகளின் பெயர்கள், வயதுச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் ஒரு வாரம் முன்பே ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தவரின் திருமணமும் 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான தாள்களையும் அப்போதே சேர்த்து வையுங்கள்.

போட்டோ, வீடியோ எதுவானாலும் நிக்காஹுக்கு முன் வேண்டாம். கேமராக்காரருக்காக ஒரு மஹல்லாவே காத்திருப்பது என்ன நியாயம்?

இளைஞர்களே, இது உங்கள் வேலை

பெண்ணைப் பெற்றவர்களிடம் அன்று யாரும் எதையும் கேட்கக் கூடாது. சாவி எங்கே, தண்ணீர் எங்கே, பணம் எங்கே என்ற கேள்விகளுக்கெல்லாம் பொறுப்பாளராக ஓர் இளைஞரை நியமியுங்கள். இரு வீட்டுத் தாய்மாரும் சாப்பிட்டார்களா என்று பார்க்க மட்டும் தனியாக ஒரு பெண்மணி இருக்கட்டும்.

பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு எப்போது வரும், யார் இறக்குவது, யார் கல்லாவில் உட்காருவது என்று மாதக்கணக்கில் திட்டமிடுகிறீர்களே, உங்கள் மகளின் ஒரு நாளுக்கு ஒரு தாள் எழுத மாட்டீர்களா? உங்கள் அழைப்பை ஏற்று வருபவர் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார். கூலி வேலைக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார். அவர்களுடைய நேரம் உங்களிடம் கொடுக்கப்பட்ட அமானிதம்.

இப்போது நான் நடத்தும் நிக்காஹ்களில் என் பயான் ஏழு நிமிடம்தான். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுத் திருமணத்தில் இதைத் தொடங்குங்கள்.

நம் இல்லத் திருமணங்களை எளிமையும் பரக்கத்தும் நிறைந்தவையாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.