பிள்ளை வளர்வதைக் காணும் கண்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடந்த பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது சாலை, குடிநீர், வீட்டு வரி பற்றி. கையில் ஏடு இருக்கும். ஏட்டில் எண் இருக்கும். ஆகையால் தைரியமும் இருக்கும். இன்று நிகழ்ச்சி நிரலில் நமக்குக் கொடுத்திருக்கும் பொருள் "தாய்மையும் குழந்தை வளர்ச்சியும்" என்பதாகும். இதற்கு ஏடு கொண்டுவரவில்லை. ஒருத்தியைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பிவிட்டு, மற்றவனைப் பத்தாம் வகுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய் என்ற முறையிலேயே பேச வந்திருக்கிறோம். அலுவலர் இடையிடையே தலைகாட்டினால் பொறுத்தருள வேண்டும்.

மகள் பிறந்தது 2005இல். அப்போது நாம் விரிவாக்க அலுவலர். அந்நாளில் மகப்பேறு விடுப்பு 90 நாள். அது 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்ந்தது. எங்கள் பிள்ளைகள் இருவரும் அதற்கு முன்னரே பிறந்துவிட்டார்கள். தொண்ணூறாம் நாள் முடிந்ததும் குழந்தையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, பேருந்தேறி ஊர் ஊராகச் சென்றோம். சென்ற வேலை யாது? தாய்மார்களைக் கூட்டி வைத்து, குழந்தையை எப்படி வளர்ப்பது என்று சொல்லிக் கொடுப்பது!

நன்றாகவே சொல்லிக் கொடுத்தோம் என்று எண்ணுகிறோம். குழந்தை பிறந்தபோது இருந்த எடை, ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் இரு மடங்காகவும், ஆண்டு நிறைவில் மும்மடங்காகவும் ஆக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் பாலோடு வேறு உணவும் வேண்டும். கூழானாலும் கஞ்சியானாலும் கரண்டியைச் சாய்த்தவுடன் ஓடி விழும்படி நீர்க்க இருத்தல் ஆகாது. இவற்றையெல்லாம் தொங்கு தராசைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னோம். நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அன்று. உலக வங்கி உதவியோடு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலேயே, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவது தலையாய வேலையாக இருந்தது.

இப்படியிருக்க, ஒருநாள் இரவு வீடு திரும்பியபோது மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி மடியில் வைத்திருந்தார். எட்டு மாதம் நடக்கிறது. "இங்கே பார், அம்மா. போன மாதம் முடிச்சை இளக்கிக் கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது கயிறே தளர்ந்து இறங்குகிறது" என்று அரைஞாண் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. பிறகு, குறைசொல்லும் குரலில் அன்று, உண்மையாகவே அறிய விரும்பியவர்போல, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை போடுகிறாயே, இவளுக்கு எப்போது போட்டாய்?" என்று கேட்டார்.

இரண்டு மாதமாகப் போடவில்லை. மறுநாள் போட்டோம். ஆறாம் மாதத்தில் 6 கிலோ 400 கிராம். எட்டாம் மாதத்திலும் அதே 6 கிலோ 400 கிராம். இடையில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. அது நின்றபின், செரிக்காது என்று அஞ்சிக் கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கவே கொடுத்து வந்திருக்கிறோம். எந்தத் தாயிடமும் கூடாது என்று சொன்னோமோ அது எங்கள் அடுப்பங்கரையிலேயே நடந்திருக்கிறது. கஞ்சியைக் கெட்டியாக்கி, நெய் விட்டு, பருப்பும் முட்டையும் கீரையும் மசித்து, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஊட்டினோம். மூன்றாம் மாதத்தில் கயிறு பழையபடி இடுப்பைப் பிடித்தது.

அன்றுமுதல் அரைஞாண் கயிற்றிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. தராசு மாதத்துக்கு ஒருமுறை பேசும். கயிறு தினமும் குளிப்பாட்டும்போது பேசும். ஆயினும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பூச்சியினாலோ சத்துக்குறைவினாலோ வயிறு உப்பினாலும் கயிறு இறுகும். அதைக் கண்டு பிள்ளை கொழுத்துவிட்டதாக மகிழ்ந்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கயிறு ஐயத்தைக் கிளப்பட்டும். தராசு தீர்ப்புச் சொல்லட்டும். ஐயம் எழ வேண்டுமானால் தினமும் ஒருவர் குழந்தையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் எங்கள் வீட்டில் நாம் அல்லோம், மாமியார். பெற்றவளுக்குத் தானாகவே எல்லாம் தெரிந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நாம் நம்புவதில்லை. பார்க்கப் பொழுது கிடைத்தவளுக்குத் தெரியும், கிடைக்காதவளுக்குத் தெரியாது.

பிள்ளை பெரிதாக ஆக, பார்க்கும் முறை மாறிவிடுகிறது. மகன் வளர்வதை நாம் அறிந்தது அவனுடைய கால்சட்டையைக் கொண்டுதான். தீபாவளிக்கு எடுத்தது பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. குரல் உடைந்தது, நம்மிடம் பேசிய பேச்சில் பாதியைத் தன் தந்தையிடம் கொண்டுபோய்விட்டான். மீதிப் பாதியும் கைப்பேசிக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். நெருங்கிப் பார்த்தால் சினம் கொள்கிறான்; பாராமல் இருந்தால், "அம்மாவுக்கு அலுவலகம்தான் பிள்ளை" என்கிறான். இதற்கு மருந்து இன்னும் நம் கையில் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் உணவு இடைவேளையில் தெரிவித்தால் நன்றியுடையோம்.

மகளை 2023இல் விடுதியில் கொண்டுபோய் விட்டோம். நாற்று விஷயத்தில் உழவர்களாகிய உங்களுக்குச் சொல்லித்தரும் துணிவு நமக்கு இல்லை. பிடுங்கி நட்ட நாற்று சில நாள் வெளிறித் தலை சாய்ந்து நிற்பதும், அதைப் பார்த்துப் புதிதாகச் சாகுபடி செய்கிறவன் மனம் கலங்குவதும், வேர் பிடித்தபின் பச்சை கட்டுவதும் நீங்கள் ஆண்டுதோறும் காண்பவை. நாற்றங்காலிலேயே நெடுநாள் விட்டால் முற்றிப்போய்ச் சரியாகத் தூர் கட்டாது என்பதும் உங்களுக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்த ஊரில் பிறந்தும், முதல் பத்து நாள் அவள் தொலைபேசியில் அழுதபோது, திரும்ப அழைத்து வந்துவிடலாம் என்று பேருந்து நேரம் பார்த்தவர் நாமே. தந்தைதான் தடுத்தார். இப்பொழுது நாம் அழைத்தால், "அம்மா, வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாள். சொல்லும் தொனியும்கூட நம்முடையதே. பதினெட்டு ஆண்டுகள் அவள் நம்மிடம் கேட்டுப் பழகிய சொற்கள் அல்லவா!

போகட்டும். நமக்காவது மாமியார் இருந்தார். 90 நாள் சம்பளத்தோடு விடுப்பும் இருந்தது. இனிச் சொல்ல இருப்பது உங்கள் வயல்களுக்கு நாற்று நட வருகிற பெண்களைப் பற்றியது.

சென்ற சம்பா நடவின்போது ஆய்வுக்குச் சென்ற வழியில், ஒரு வரப்பின்மேல் கருவேல நிழலில் ஒரு சிறுமியைக் கண்டோம். ஒன்பது வயது இருக்கும். ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் குழந்தைகள் மூவர் வாய்க்காலில் இறங்காதபடி குச்சியால் மறித்துக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடம் இல்லையா, கண்ணு?" என்று கேட்டோம். "இருக்கிறது. தம்பியை யார் பார்ப்பது?" என்றாள். ஊரில் அங்கன்வாடி உண்டு. ஆனால் நடவுக்கு ஆள் இறங்குவது விடியலில். மையம் திறப்பது அதற்குப் பிறகு. இந்த இடைவெளிக்குள் அந்தச் சிறுமியின் படிப்பு விழுந்துவிட்டது. அவள் தம்பியின் இடுப்பில் கயிறு இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று பார்க்க, சேற்றில் நின்ற தாய்க்கு எங்கே பொழுது?

நம்முடைய பிழையையும் மறைக்கப்போவதில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே, பணியிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆண்டுக்கணக்கில் வருகைப் பட்டியல்களில் கையெழுத்திட்ட நாம், அப்படி ஒரு பெண் அமர்த்தப்பட்டிருக்கிறாளா என்று கேட்ட நாள்கள் மிகச் சில. வெட்டிய மண்ணின் கன அளவைச் சரிபார்த்தோம். மர நிழலில் துணித்தூளியில் தொங்கிய பிள்ளையைச் சரிபார்க்கவில்லை.

ஆதலின் உங்களிடம் கேட்பது பெரிய செலவு அன்று. நடவும் களையெடுப்பும் நடக்கும் நாள்களில், விடியற்காலை முதல் அங்கன்வாடி திறக்கும் வரையிலும், அது மூடியபின் தாய்மார் கரையேறும் வரையிலும், சுய உதவிக்குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒரு திண்ணையிலோ ஊராட்சிக் கட்டடத் தாழ்வாரத்திலோ குழந்தைகளை வைத்துக்கொள்ள வேண்டும். வயது முதிர்ந்து நடவுக்குக் குனிய இயலாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிள்ளை வளர்த்த கை அவர்களுடையது. கூலியை நடவு நடுவிக்கும் உழவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஏக்கருக்கு எவ்வளவு விழும் என்பதை நம்மைவிட நீங்களே துல்லியமாகக் கணக்கிடுவீர்கள். இதற்கு மேலிடத்து ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாய்க்கால் தூர்வார ஊர் கூடுவதுபோல் இதற்கும் கூடலாம். குடிநீர், ஒரு பாய், கதவில்லாத இடமானால் வாசலுக்குக் குறுக்கே ஒரு தட்டி, தேவைப்படுபவை இவ்வளவே.

"எங்கள் ஊரில் அப்படிக் குழந்தைகள் அதிகம் இல்லை" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. இருக்கலாம். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்வோமே. குறுவை நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உணவு ஆயத்தம் என்று சமையற்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாயிலருகே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். சாப்பிட்டு எழுந்தபின், உங்கள் வார்டில் வரப்புக்குப் போகும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பவர்கள் எத்தனை பேர் என்று அதில் எழுதித் தாருங்கள். தெரியாதவர்கள் வெற்றிடமாக விட்டுவிடலாம். அடுத்த வாரம் நாமே அந்த ஊருக்கு வருகிறோம்.