‘லே ஓஃப்’ என்றால் லீவு அல்ல

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடைபெற்ற கிளைத் தலைவர், தலைவியர் பயிற்சி முகாமில், தோட்டப் பாடசாலை ஆசிரியரான சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்கும், 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டிறங்கி இந்தப் பக்கமே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், படுவான்கரையிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கும் வணக்கம். சம்பளம், காணி, வீடு பற்றிக் காலையில் பேசியாகிவிட்டது. எனக்குத் தந்திருப்பது ஆங்கிலம். தலைப்பைக் கேட்டதும் இரண்டொருவர் தேத்தண்ணிக்கு எழும்பப் பார்த்தீர்கள். இருங்கள், இதுவும் சம்பளக் கதைதான்.

நம்முடைய பிள்ளைகள் சிலர் வேலைசெய்த ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. ‘யூ ஆர் லேட் ஓஃப் அன்டில் ஃபேர்தர் நோட்டிஸ்’. வீட்டில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ‘லேட்’ தெரியும், பிந்தி வருவது. ‘ஓஃப்’ தெரியும், லீவு. பிந்தி வந்ததற்குத் தண்டனையாக லீவு தந்திருக்கிறார்கள், திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். சங்கத்துக்கு அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது மாதங்கள் போய்விட்டன.

அந்த ‘லேட்’ பிந்துவது அல்ல. ‘லே’ என்ற வினையின் இறந்தகாலம். ‘லே’ என்றால் கிடத்துவது, வைப்பது. ‘லே டவுன்’ என்றால் விதியை வகுப்பது. ‘லே ஓஃப்’ என்றால் வேலை இல்லை என்று ஆளை நிறுத்திவைப்பது. வினை ஒன்றுதான், பின்னால் ஒட்டிய சின்னச் சொல் மாறினால் ஒருவன் சட்டம் போடுகிறான், இன்னொருவன் வேலை இழக்கிறான். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் சட்டம் இருக்கிறதே, அது தற்காலிகமாக வேலை கொடுக்காமல் வைப்பதையும் சேவை முடிவுறுத்தலாகத்தான் கணக்கெடுக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அப்படி நிறுத்த முடியாது. சட்டம் நம் பக்கம் நின்றது. சொல்தான் நம் கைக்கு வரவில்லை. தொழில் நியாய சபைக்குப் போவதற்கும் தவணை உண்டு, நாம் சொல்லை விளங்கிக்கொள்ளும்வரை அது காத்திருக்காது.

பாடசாலையில் நாங்கள் கற்பிக்கிற ஆங்கிலத்தில் ‘டேர்மினேட்’, ‘போஸ்ட்போன்’, ‘ரிஜெக்ட்’ என்ற பெரிய சொற்கள் வரும். அவை சுலபம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அகராதியில் இருக்கும். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவன் வாய்திறந்து கதைக்கும்போது போஸ்ட்போன் என்று சொல்வது குறைவு, ‘புட் ஓஃப்’ என்பான். ரிஜெக்ட் செய்தான் என்பதற்கு ‘டேர்ன்ட் டவுன்’ என்பான். ஏஜென்சிக்காரன் தொலைபேசியில் சொல்வதும் முகாமையாளர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வதும் இந்த வகைதான். வேலைபோவது, காசு முடிவது, மெஷின் பழுதாவது என்று அன்றாடக் கஷ்டமெல்லாம் இந்தச் சின்னச் சொற்களில்தான் புழங்குகிறது.

இது நமக்குப் புதிய வித்தை என்று நினைக்காதீர்கள். தமிழில் இதை நாம் தாய்ப்பாலோடு படித்திருக்கிறோம். ‘போடு’ என்ற வினையை எடுங்கள். தள்ளிப்போடு, ஒத்திப்போடு, தூக்கிப்போடு, பேர் போடு. ‘விடு’வை எடுங்கள். கைவிடு, வந்துவிடு, விட்டுக்கொடு. வெள்ளைக்காரன் ஒருவனிடம் ‘விட்டுக்கொடுத்தான்’ என்று சொன்னால், எதை விட்டான், யாருக்குக் கொடுத்தான் என்று தேடுவான். நாம் ‘கிவ் அப்’, ‘கிவ் இன்’ என்பவற்றைக் கேட்டு முழிப்பதும் அதே முழிதான். கிவ் அப் என்றால் கைவிடுவது. கிவ் இன் என்றால் எதிராளியிடம் இறங்கிப்போவது. பேச்சுவார்த்தை மேசையில் இந்த இரண்டும் ஒன்றல்ல என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரேயொரு இலக்கணம் மட்டும் சொல்கிறேன். ‘அதைத் தள்ளிப்போட்டார்கள்’ என்பதற்கு ‘தே புட் இட் ஓஃப்’ என்று வரவேண்டும். ‘அதை’ என்ற சொல் நடுவில் புகுந்துவிடும். ‘புட் ஓஃப் இட்’ என்பது பிழை. நாமும் ‘தள்ளியே போட்டார்கள்’ என்று நடுவில் ஒரு ஏகாரத்தை நுழைக்கிறோமே, அதுமாதிரி என்று பிடித்துக்கொள்ளுங்கள். ‘லுக் இன்டு’ போன்ற சில பிரியாது. ‘லுக் இன்டு இட்’ என்றுதான் வரும். விசாரித்துப் பார்க்கிறோம் என்று பொருள். நம் ஊர்க் கந்தோர்களில் அதற்குத் தள்ளிப்போடுகிறோம் என்றும் பொருள், அது அகராதியில் இல்லை. யாராவது ‘வி வில் லுக் இன்டு இட்’ என்றால் உடனே ‘பை வென்?’ என்று கேளுங்கள். எந்தத் திகதிக்குள்?

இப்போது வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்திலிருந்தும் போகிறார்கள், இந்த வாவியின் இரண்டு கரைகளிலிருந்தும் போகிறார்கள். வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண், சம்பளமும் கொடுக்காமல் அறையில் வைத்துப் பூட்டிய வீட்டிலிருந்து எப்படியோ வெளியே வந்து பொலிசிடம் நிற்கிறாள் என்று வையுங்கள். என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்கிறாள்: ‘ஐ ரேன் அவே’. ஓடிவந்துவிட்டேன். தமிழில் அது ஒரு பாவப்பட்டவளின் வாக்கியம். அங்கே அது குற்ற ஒப்புதல் மாதிரி. கஃபாலா முறையில், எசமானின் அனுமதியில்லாமல் வேலையை விட்டுப்போனவர் தலைமறைவானவராகப் பதியப்படுவார். சவூதியில் அதற்கு ஹுரூப் என்று பெயரே உண்டு. அப்படிப் பதிந்தால் பிடித்து அடைக்கலாம், நாடு கடத்தலாம். வராத சம்பளத்தைப் பற்றிய பேச்சு அதோடு அடிபட்டுப்போகும்.

அவள் சொல்ல வேண்டியது இது: ‘தே லொக்ட் மீ இன். ஐ கொட் அவுட்.’ என்னை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், நான் வெளியே வந்தேன். முதல் வாக்கியத்தில் செய்தவன் எசமான். அதை முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ‘தே ஹெல்ட் பேக் மை சலரி’, என் சம்பளத்தைப் பிடித்துவைத்தார்கள். ‘தே டுக் அவே மை பாஸ்போர்ட்’, என் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். நாலு வாக்கியம். இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. ஆனால் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி ஆக்காமல் இருக்கலாம். ‘லொக் அவுட்’ என்றால் கதவடைப்பு என்று தொழிற்சங்கக்காரர்களுக்குத் தெரியும். ‘லொக் இன்’ அதன் தங்கச்சி.

மொழி யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று பார்த்தால் பழைய கதை ஒன்று விளங்கும். தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் படித்தார்கள். கொழும்பில் அவர்களுக்கென்றே கைந்நூல் அச்சடித்தார்கள். ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. நம்மிடம் பேசுவதற்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது ஏவல். நாம் அவர்களின் ‘பரேட்’டை வாங்கிப் பெரட்டு ஆக்கினோம், செக்ரோலை அப்படியே வைத்துக்கொண்டோம். இந்த மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனின் வில்லியம் ஓல்ட் 1814இலேயே வந்து புளியந்தீவில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று தோட்ட முதலாளிமாரைக் கட்டாயப்படுத்திய சட்டம் வந்தது அடுத்த நூற்றாண்டில்தான். இடையில் ஏறத்தாழ நூறு வருடம்.

கடன் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘பே ஓஃப்’ என்றால் கடனைத் தீர்த்துமுடிப்பது. அதே ‘பே ஓஃப்’, ஆளுக்கு மேல் வந்தால், கணக்கை முடித்து அனுப்பிவிடுவது. நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. கடனைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் தாள். இன்னொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் நம் தலையில் தொடரும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. இன்று நுண்கடன் கம்பனி வீட்டு வாசலுக்கு வருகிறது. புதிய கடனால் பழைய கடனைத் தீர்க்கலாம் என்பான். நீங்கள் கேட்க வேண்டியது, கட்டிமுடிக்க மொத்தம் எவ்வளவு என்று: ‘ஹவ் மச் டு பே இட் ஓஃப்?’ மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.

‘எங்கள் உரிமை தமிழ்தானே, எதற்கு இது?’ என்று காலையில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அரச கந்தோரில் தமிழில் பதில் கேளுங்கள், தராவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அந்தச் சண்டையை ஆங்கிலம் படித்து ஈடுகட்ட முடியாது. ஆனால் கம்பனிக் கடிதத்துக்கும் ரியாத் பொலிசுக்கும் 13ஆவது திருத்தம் தெரியாது. சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடிப் பக்கம் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து நின்றபோது, தன் இழப்பைத் தானே சொல்ல முடிந்தவரும் இடையில் ஒருவரை வைத்துச் சொன்னவரும் ஒரேமாதிரி கேட்கப்படவில்லை என்று இந்த ஊர் ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள்.

டியூட்டரிகளில் முந்நூறு சொல்லைப் பட்டியல் போட்டு விற்கிறார்களே, அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். ‘அப்’ வருகிறதெல்லாம் ஒரு பக்கம், ‘ஓஃப்’ வருகிறதெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கினால் ஒன்றும் தங்காது. கஷ்டத்தின்படி அடுக்குங்கள். அரிசி முடிந்தால் ‘வி ஹாவ் ரன் அவுட்’. எஞ்சின் நின்றால் ‘இட் புரோக் டவுன்’. மழைக்கு வெள்ளம் ஏறிப் பாதை மூடினால் ‘வி ஆர் கட் ஓஃப்’. ஒரு கஷ்டத்துக்கு நாலைந்து போதும். எழுதிப் பார்க்காதீர்கள், ஆளுக்கு ஆள் சொல்லிப் பாருங்கள்.

இப்போது இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். மலையிலிருந்து வந்த ஒருவரும் இந்தப் பக்கத்து ஒருவரும் சேர்ந்து இருங்கள். ஒருவர் ஏஜென்சிக்காரர், மற்றவர் சம்பளம் வராத பிள்ளையின் தாய். தொலைபேசி அடிக்கிறது. ஏஜென்சிக்காரர் ‘வி வில் லுக் இன்டு இட்’ என்பார். தாய் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷம், பிறகு தேத்தண்ணி.