மண்ணைக் கொட்டி வாய்க்காலை மூடாதே!

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த தர்ணாவில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்ம ஏரிப் பாசனத்துல இன்னிக்கு என்ன நடக்குதுன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. ரியல் எஸ்டேட்காரர் நஞ்சையை வாங்குறார். ராத்திரியோட ராத்திரியா லாரி லாரியா கிராவல் கொட்டி மூணடி, நாலடி மேடாக்குறார். சுத்தி காம்பவுண்டு சுவர், உள்ளே ரோடு, புல்தரை, பூங்கா. நடுவுல ஓடின வாய்க்கால் எங்கே? காணோம்! மழை பெய்தால் மேல் வயல் முழுகுது. வெயிலடித்தால் கடைமடை காயுது. கேட்டால், "என் நிலத்துல நான் மண்ணு கொட்டுறேன், உனக்கென்ன?" என்கிறார்.

நமக்கென்ன என்பதற்குச் சட்டமே பதில் சொல்கிறது.

ஒன்று. 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம், 7-வது பிரிவு. மேல் நிலத்தில் பெய்த மழைநீர் இயற்கையாகக் கீழ் நிலத்துக்கு வடிய, கீழ் நிலத்துக்காரர் வழிவிட வேண்டும். சுவர் கட்டி மறிக்க அவருக்கு உரிமை கிடையாது.

இரண்டு. 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம். புறம்போக்கு வாய்க்கால், ஓடை எல்லாம் அரசாங்கச் சொத்து. ஆக்கிரமித்தவருக்கு 7-வது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6-வது பிரிவில் அகற்ற வட்டாட்சியருக்கே அதிகாரம் உண்டு. கோர்ட்டுக்குப் போகச் சொல்லி நம்மை விரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று. நிரவுவதற்குக் கொண்டுவருகிற சாதாரண மண்ணும் 2000-ஆம் ஆண்டு முதல் சிறுகனிமம். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றினால் லாரியைப் பறிமுதல் செய்யலாம். ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் நடப்பது என்ன? வயலுக்கு வண்டல் ஏற்றுகிற நம்ம டிராக்டரை மடக்கி சீட்டு எங்கே என்கிறார்கள். மனைப்பிரிவுக்குப் போகிற லாரி கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது!

நான்கு. 2019-ஆம் ஆண்டின் கட்டிட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஊர்ச் சொத்து. வாய்க்காலையே மூடிப் புல்லை நட்டு, இதுதான் பூங்கா என்று கணக்குக் காட்டுவதை ஒத்துக்கொள்ள முடியாது.

தோழர்களே, நிலத்தை விற்றவரை நாம் ஏசவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது அவர் என்ன செய்வார்? நிலத்தை விற்கலாம், வாங்கலாம். பக்கத்து வயலின் தண்ணீரை விற்க யாருக்கும் உரிமை இல்லை. அவ்வளவுதான் நம்ம வழக்கு.

ஆகவே இனி வாய்ப்பேச்சு வேண்டாம். புலப்படமும் 'அ' பதிவேடும் எடுங்கள். வாய்க்காலின் சர்வே எண், அகலம், மண் கொட்டிய தேதி, லாரி நம்பர் எல்லாவற்றையும் எழுதி மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மனைப்பிரிவு அனுமதியின் நகலையும் அதிலுள்ள நிபந்தனைகளையும் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். தனி ஆளாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். ஊரோடு போனால் நாற்காலி போடுவார்கள்.

நமது கோரிக்கைகள்:

- மூடிய வாய்க்கால்களை அளந்து கல் நட்டு, உடனே தோண்டிக் கொடு!
- அனுமதியில்லாத மண் லாரிகளைப் பறிமுதல் செய்!
- பாசன விவசாயிகளைக் கேட்காமல் ஆயக்கட்டில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்காதே!

இந்தப் பருவத்துக்கு ஏரி திறக்கும் முன் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும். ஓடும் வரை போராடுவோம். விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!