24 காசு வித்தியாசம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



சம்பளம் போட்டதும் நம் தாய்மார்கள் சாமான் வாங்கப் புறப்படுகிறார்கள். கையில் இருப்பதோ கொஞ்சம். பிள்ளைகளுக்குச் சத்தும் குறையக்கூடாது. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது? இதற்குக் கணிதத்தில் ‘உகப்பாக்கம்’ என்று பெயர். பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. இருக்கிற கட்டுப்பாட்டுக்குள் மிக நல்ல வழியைக் காண்பது, அவ்வளவுதான்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஸ்டிக்லர் 1945-இல் இந்தக் கணக்கைப் போட்டார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். ஒருவருக்கு ஓராண்டுக்கு 1939-ஆம் ஆண்டு விலைப்படி 39 டாலர் 93 காசு போதும் என்றார். அதற்கும் கீழே போகாது என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

1947-இல் டான்சிக் என்பவர் ‘சிம்பிளெக்ஸ்’ முறையைக் கண்டார். ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, செலவு குறைகிறதா என்று படிப்படியாகப் பார்க்கும் முறை அது. எப்படி மாற்றினாலும் குறையாத இடம் வந்தால், அதுவே முடிவான விடை. அதே ஆண்டில் 9 எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்கு இயந்திரங்களோடு உட்கார்ந்தார்கள். 120 ஆள்-நாள் உழைப்பில் வந்த விடை 39 டாலர் 69 காசு.

“24 காசுக்காகவா இந்தப் பாடு?” என்று கேட்பீர்கள். காசு பெரிதல்ல, இதற்குக் கீழே இல்லை என்று நிரூபித்தார்களே, அதுதான் பெரிது.

இன்று இதைக் கணினி நொடியில் போட்டுவிடும். ஆனால் எந்த மென்பொருள் நல்லது? குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984-இல் அமெரிக்காவில் புதிய முறை ஒன்றை வெளியிட்டார். பழையதைவிடப் பல மடங்கு வேகம் என்று பேச்சு எழுந்தது. மற்றவர்கள் சும்மா ஒப்புக்கொள்வார்களா? 1985 முதல் ‘நெட்லிப்’ என்ற பொதுத் தொகுப்பில் சோதனைக் கணக்குகள் எல்லாருக்கும் கிடைத்தன. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்றாயிற்று. சில கணக்கில் புதியது முந்தியது. சிலவற்றில் பழையது முந்தியது. வேகம் மட்டும் போதாது. விடை சரிதானா, கட்டுப்பாடு எதையும் மீறியதா என்றும் பார்த்தார்கள்.

மாணவர்களே, விடை வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள்; சரிபாருங்கள். பெற்றோர்களே, “இதுதான் சிறந்தது” என்று யாராவது விற்க வந்தால், “எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு கணக்கில் பிந்திய முறை மற்றொன்றில் முந்துகிறது. இன்று பரிசு வாங்காத பிள்ளையை வீட்டுக்குப் போய் ஏசாதீங்க. அவன் முந்தப்போகும் கணக்கு இன்னும் வரவில்லை.