அண்டை வீடு: உறவா, பகையா?

நடுவர் அவர்களே! தஞ்சாவூர் மேலவீதியிலே வண்டி நிறுத்தினால் சண்டை, சாக்கடை அடைத்தால் சண்டை என்றார் எதிரணி நண்பர். வாஸ்தவம்! 2014-லே ஊர் மாநகராட்சி ஆச்சு. வீதி அகலம் ஆச்சா? (சிரிப்பு)

காவிரி டெல்டாவிலே முறைப்பாசனம் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி மடைவாயிலே மண்வெட்டியோடு மல்லுக்கு நிற்பான். விடிந்தால் அவன் நடவுக்கு இவன் ஆள் அனுப்புவான். ஏன்? மேல்வயல் வழியாகத்தானய்யா கீழ்வயலுக்குத் தண்ணீர் வரவேண்டும்!

தெருவிலும் அதே கணக்குத்தான். சுவர் ஒன்று, சாக்கடை ஒன்று. திண்ணையிலே பேசினால் தீரும். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு கிடைக்கலாம். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் ஓடிவர ஆள் கிடைக்குமா? (கைதட்டல்)

திட்டினாலும் கதவைத் திறப்பவன் பக்கத்து வீட்டுக்காரன்தான். ஆகவே உறவே என்று கூறி அமர்கிறேன்.